வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள்: டர்பனில் சிறுவர் அணி நடத்தத் தொடங்குபவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி. சாட்ஸ்வர்த்தில் எங்கள் வட்டாரத்து மைதானத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான். கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். மற்றவர்கள் இரண்டாவது சுற்று ஓடி முடித்துவிட்டார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். எழுந்தான், இருபது அடி ஓடினான், புல்லில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தால் சில்லென்று வியர்வை. கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேற்று ராத்திரி, அங்கிள்" என்றான். அதுவும் ப்ரெட்டும் டீயும்தான்.

அன்றைக்கு அவனைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மேரிபேங்க் பக்கம் கால்பந்து, கிரிக்கெட், ஓட்டம், நெட்பால் என்று பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்க முன்வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கோயில் இளைஞர் குழுவில் இருப்பவர்கள், தன் பிள்ளையைக் கொண்டுவிட வந்து அப்படியே உதவிக்கு நின்றுவிட்டவர்கள். எல்லாரும் முதலில் கேட்பது "என்ன சத்து மாவு கொடுக்கலாம், என்ன பவுடர் வாங்கலாம்?" என்றுதான். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவது பவுடர் அல்ல. பள்ளி மணி அடிப்பதற்கும் பயிற்சி தொடங்குவதற்கும் நடுவே ஒரு வாய்ச் சாப்பாடு. அதைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே வழிக்கு வரும்.

முதலில் யார் எப்போது சாப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பள்ளி உணவுத் திட்டம் 1994இல் மண்டேலா அரசு தொடங்கியது. அரசுப் பள்ளிகளை வட்டாரத்தின் வறுமையைப் பார்த்து ஐந்து குவின்டைலாக, அதாவது மிக ஏழையான 1 முதல் வசதியான 5 வரை ஐந்து படிகளாக, பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 3 வரை உள்ள பள்ளிகளுக்குத்தான் முக்கியமாகச் சாப்பாடு போகிறது, அதையும் காலை 10 மணிக்குள் பரிமாறிவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஆனால் 10 மணிக்குச் சாப்பிட்டவன் நாலரை மணிக்கு மைதானத்துக்கு வரும்போது ஆறரை மணி நேரம் ஆகிவிட்டது. 4ஆம், 5ஆம் குவின்டைல் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். அவன் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் பள்ளியின் கணக்கில் அவன் வசதியானவன்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். வரிசையில் நிற்கவைத்து "யார் சாப்பிடவில்லை, கை தூக்குங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஒரு கையும் தூக்காது. வார்ம்-அப் நடக்கும்போது பக்கத்தில் நடந்துகொண்டே, "மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு புள்ளி வையுங்கள். நான்கு வாரம் வைத்தால் ஒன்று தெரியவரும்: மாத ஆரம்பத்தில் புள்ளி குறைவு, மூன்றாவது வாரத்திலிருந்து கூடும். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை மாதத்தின் முதல் நாட்களில் வருகிறது, இருபதாம் தேதிக்கு மேல் பல வீடுகளில் கை வறண்டுவிடும். கடினமான பயிற்சியை மாதக் கடைசியில் வைக்காதீர்கள். உங்களிடம் உள்ள கொஞ்சப் பணத்தையும் அந்தப் பத்து நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனிப் பட்டியல், தனித் தட்டு வேண்டாம். சாப்பாடு என்றால் அணி முழுவதற்கும். வசதியான வீட்டுப் பையனும் அதே தட்டில் சாப்பிட்டால்தான் மற்றவன் தலைநிமிர்ந்து சாப்பிடுவான்.

பயிற்சிக்கு முன்

பயிற்சி நாலரைக்கு என்றால் மூன்றரைக்கு ஏதாவது வயிற்றில் விழ வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. 45 கிலோ எடையுள்ள பையனுக்கு இரண்டு துண்டு பிரவுன் ப்ரெட்டும் ஒரு வாழைப்பழமும் போதும், அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ப்ரெட்டில் பீனட் பட்டரை மெல்லியதாகத் தடவலாம். யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாது என்றால் பெற்றோரிடம் முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மிச்சமிருக்கும் ரொட்டி, வேகவைத்த மடும்பி (நம் சேப்பங்கிழங்குதான்) எல்லாம் சரி.

பள்ளி வாசலில் விற்கும் வெட்கூக் (எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை), சிப்ஸ் பாக்கெட், கலர் ஐஸ் ஆகியவைதான் பல பிள்ளைகளுக்கு மாலைச் சாப்பாடு. பசிக்குக் கிடைத்ததைச் சாப்பிடுகிற பிள்ளையிடம் அது கெடுதல் என்று பிரசங்கம் செய்வதில் பயனில்லை. எண்ணெயில் பொரித்தது செரிக்க நேரம் எடுக்கும், ஓடும்போது வயிறு பிசையும், அவ்வளவு சொல்லி வாழைப்பழத்தைக் கையில் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசத்தை அவர்களே உணர்வார்கள்.

அப்புறம் பானை

வாரத்துக்கு ஒரு நாளாவது பயிற்சி முடிந்ததும் சூடான சாப்பாடு போடுங்கள். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் 15 முதல் 20 கிராம் புரதமும் கிடைத்தால் தசை சீக்கிரம் தேறும், மறுநாள் பள்ளியில் தூங்கி வழிய மாட்டார்கள்.

எதை வாங்குவது? எனக்கு வழிகாட்டியது வரிப் பட்டியல். தென்னாப்பிரிக்காவில் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு, ஆனால் சில அடிப்படை உணவுகளுக்கு அது கிடையாது. பிரவுன் ப்ரெட், மீலி மீல் (மக்காச்சோள மாவு), சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, பால், மாஸ் (புளித்த பால்), பில்ச்சர்ட் டின் (மத்தி வகை மீன்), சமையல் எண்ணெய், காய்கறி, பழம் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால், வளரும் பிள்ளைக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் அதிலேயே இருக்கிறது. டின் மீன் வாங்கும்போது மட்டும் கவனியுங்கள், பில்ச்சர்டுக்குத்தான் வரி இல்லை, டூனாவுக்கு உண்டு. சத்தும் பில்ச்சர்டில்தான் அதிகம், முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஒரு 400 கிராம் டின்னில் 60 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை போட்டு டின் ஃபிஷ் குழம்பு வைக்கத் தெரியாத வீடு சாட்ஸ்வர்த்தில் இல்லை.

காய்கறிக்கு யூனிட் 3 பங்களாதேஷ் மார்க்கெட். கடை கட்டுகிற நேரத்தில் போனால் தக்காளியும் பூசணியும் விலை இறங்கியிருக்கும். பிள்ளைகளின் அணிக்கு என்று சொல்லுங்கள், சொல்லக் கூச்சப்படாதீர்கள். எனக்கு ஒரு முறைகூட வெறும் பை திரும்பியதில்லை.

எங்கள் பானையின் அளவு இது. 20 பிள்ளைகளுக்கு ஒரு கிலோ சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸில் ஒரு வகை), ஒரு கிலோ சாம்ப். முதல் நாள் இரவே இரண்டையும் தனித்தனியாக நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்து, கொதி வந்த பிறகு 20 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இதைக் குறைக்கக் கூடாது, அரைகுறையாக வெந்த பீன்ஸ் வயிற்றைப் புரட்டும். பிறகு மூடியோடு வொண்டர்பேக் என்ற, சூட்டை உள்ளேயே வைத்திருக்கும் பையில் வைத்துக் கட்டிவிட்டால் மின்சாரம் இல்லாமலே மத்தியானத்துக்குள் வெந்துவிடும். நம் குவாஸூலு-நட்டால் மாகாணத்துப் பெண்மணி ஒருவர் 2008இல் மின்வெட்டுக் காலத்தில் உருவாக்கிய பை அது. பை இல்லாதவர்கள் அட்டைப்பெட்டிக்குள் இரண்டு பழைய கம்பளியைத் திணித்து நடுவில் பானையை வைத்தால் அதே வேலை நடக்கும். கடைசியில் கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் தக்காளியும் போட்டு இரண்டையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 15 கிராம் புரதம் வரும். பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பானைத் தொழிலை நான் எங்கள் கோயில் மடப்பள்ளியில் கற்றேன். ஆடி மாதம் மாரியம்மனுக்கு இங்கே கூழ் ஊற்றும்போது பாருங்கள், கேழ்வரகு அல்ல, மீலி மீல். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கிடைத்த தானியத்தில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சினார்கள். ஸூலு வீடுகளில் அதே மீலி மீலை உதிரியாகக் கிண்டி, புட்டு என்றே காதில் விழுகிற பெயரில், புளித்த பாலாகிய அமாசியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாம் மாஸ் என்று கடையில் வாங்குவதும் அதுதான். எங்கள் அணியில் பாதிப் பேர் ஸூலு பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை கூழில் மாஸ் கலந்து வெங்காயம் போட்டுக் கொடுத்தேன். ஒருவரும் இது யார் வீட்டுச் சாப்பாடு என்று கேட்கவில்லை, எல்லாரும் தங்கள் வீட்டுச் சாப்பாடு என்றே நினைத்தார்கள். வெயில் நாளில் சமைக்க நேரம் இல்லையென்றால் இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரியாது.

விரத நாட்களை நாட்காட்டியில் முன்பே குறித்துவையுங்கள். புரட்டாசியில் தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, பல வீடுகளில் முட்டையும் கிடையாது. பிள்ளைகள் வெறும் உருளைக்கிழங்குக் கறியும் ப்ரெட்டுமாக ஒரு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். பருப்பு, பீன்ஸ், வேர்க்கடலை, பால், மாஸ், சோயா மின்ஸ் இவற்றில் ஏதாவது இரண்டு தினமும் தட்டில் இருக்கட்டும் என்று வீட்டு ஆயாக்களிடம் (பாட்டிகளிடம்) சொல்லுங்கள், அம்மாக்களிடம் சொல்வதைவிட அது பலிக்கும். தைப்பூசக் காவடி கொளுத்தும் வெயில் காலத்தில் வருகிறது, பள்ளி ஓட்டப் போட்டிகளும் அப்போதுதான். விரதம் இருக்கும் பிள்ளைக்கு அந்த நாட்களில் நடை, பந்து பழக்கம் போதும், ஓட்டம் வேண்டாம். ரம்ஜான் நோன்பு இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே.

தண்ணீர்

அமாசி என்றால் புளித்த பால், அமான்ஸி என்றால் தண்ணீர். ஸூலுவில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு சொற்கள் என்று நான் சொல்வேன்.

டர்பனின் கோடை ஈரக் கோடை. ஜனவரி, பிப்ரவரியில் வியர்வை காயவே காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் நிழலில் இருக்கும்போதே குடிக்கத் தொடங்க வேண்டும். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு 400 முதல் 600 மில்லி, அதாவது இரண்டு டம்ளர். பயிற்சி நடக்கும்போது 9 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 250 மில்லி, பெரிய பிள்ளைகள் தாகத்துக்கு ஏற்ப மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்வரை போகலாம். கடிகாரம் பார்த்து விசில் ஊதுங்கள். தண்ணீர் குடிப்பதை ஒருபோதும் தண்டனையோடு இணைக்காதீர்கள். "ரெண்டு ரவுண்டு முடிச்சாத்தான் தண்ணி" என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, ஆப்பிள் ஜூஸ் நிறம் என்றால் குறைவு. எடை மெஷின் கிடைத்தால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றே கால், ஒன்றரை லிட்டர் மெதுவாகக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான். அதுவும் ஆபத்து. இங்கிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானில் 1981இல் ஒருவர், தண்ணீர் குறைந்ததால் அல்ல, அதிகமாகக் குடித்ததால் இரத்தத்தில் உப்பு இறங்கிச் சாகக் கிடந்தார். கேப் டவுன் மருத்துவர் டிம் நோக்ஸ் அப்படிப்பட்டவர்களைப் பற்றி 1985இல் எழுதிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. தாகத்துக்குக் குடிக்கட்டும், போட்டி போட்டுக் குடிக்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். நாள் முழுக்க நடக்கும் போட்டி என்றால் வீட்டிலேயே பானம் கலந்துகொள்ளலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 12 தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை. கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் பானத்தில் வேலை செய்வதும் சர்க்கரையும் உப்பும்தான். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கரைசல் வேறு, அதற்கு ஒரு லிட்டருக்கு 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் குழப்பாமல் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். எனர்ஜி டிரிங்க் மைதானத்துக்குள்ளேயே வரக் கூடாது. கூல்டிரிங்க் விலையிலேயே கிடைப்பதால் பிள்ளைகள் அதைத்தான் சக்தி என்று நம்புகிறார்கள், 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் அளவில் காஃபீன் இருக்கும் பானம் அது.

தண்ணீரே வராத நாட்கள் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் வாழ்ந்தது. மற்ற வட்டாரங்களிலும் குழாய் வறளும் நாட்கள் வரும். 25 லிட்டர் டிரம் ஒன்றை எப்போதும் நிரப்பி வையுங்கள். தண்ணீர்மேல் சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றுங்கள், அல்லது 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிக் (ப்ளீச்) கலந்து குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க விடுங்கள். வாசனை சேர்க்காத ஜிக்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய கழுவிய கூல்டிரிங்க் புட்டி, ஒரே குவளையில் எல்லாரும் வாய் வைத்துக் குடிக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளும் டீயும்

14 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும், ஆண் பிள்ளைக்கு 11. இங்கே மீலி மீலிலும் கோதுமை மாவிலும் 2003இலிருந்து இரும்பும் துத்தநாகமும் வைட்டமின்களும் கட்டாயம் சேர்க்கிறார்கள். நல்லது, ஆனால் சாப்பாட்டோடு கடுங்கறுப்பு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் போகும். ப்ரெட்டும் டீயும் சாப்பாடாகிவிட்ட வீடுகளில் இதுதான் பெரிய ஓட்டை. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் ரூய்போஸ் கொடுக்கலாம், அதில் டானினும் குறைவு, காஃபீனும் இல்லை. பானையில் எலுமிச்சை பிழியச் சொன்னது இதற்குத்தான், பீன்ஸிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். கீரைக்குக் காசு வேண்டாம், முளைக்கீரையும் முருங்கையும் பல வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன. ஸூலு பாட்டிகள் இமிஃபினோ என்று பறிக்கும் கீரைகளிலும் முளைக்கீரை உண்டு.

ஒரு பெண் பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றாலும், அடிக்கடி எலும்பு வலி என்றாலும், ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அணியில் ஒரு அக்காவாவது இருக்க வேண்டும், இதை அவர்தான் கேட்க முடியும். கிளினிக்குக்கு அவரே கூட்டிப் போகட்டும்.

அவசரம் என்றால்

தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினால், இடம் தெரியாமல் விழித்தால் அது வெப்பத் தாக்கு. சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 10177க்கோ கைபேசியிலிருந்து 112க்கோ கூப்பிடுங்கள். ஊற்றுவதை ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பவுடர் பற்றி ஒரு வரி: 18 வயதுக்குள் வேண்டாம். லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையே போகும், அந்தக் காசில் இரண்டு வாரப் பானை வைக்கலாம்.

டப்பா

தொடக்கத்தில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. பசியோடு வந்த பையன் பாதித் தட்டைச் சாப்பிட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டு நிற்பான். பிடிக்கவில்லையா என்றால் தலையை ஆட்டுவான். ஒரு நாள் ஷூ லேஸ் பையன் பீன்ஸை ப்ரெட் பையில் கொட்டி, ஷின் கார்டு வைக்கும் பைக்குள் செருகுவதைப் பார்த்தேன். வீட்டில் ஆறு வயதுத் தங்கை.

அதனால் 20 பேருக்கு வைக்கும் பானையில் 26 பேருக்குப் போடுங்கள், பீன்ஸும் சாம்ப்பும் முந்நூறு முந்நூறு கிராம் கூட. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவிச் சேர்த்துவையுங்கள், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கிடைக்கும். பரிமாறி முடிந்ததும் யாரையும் கேட்காமல் மேசையின் ஓரத்தில் மூடியோடு அடுக்கிவிட்டு நீங்கள் கோல் வலையைச் சுருட்டப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது டப்பாக்கள் இருக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை கழுவித் திரும்பி வரும்.